வீவக வீட்டில் வளர்ந்த நாய்க்குக் கழிவறைப் பழக்கம்: படிப்படியான வழிகாட்டி

மூன்று வயதோ ஐந்து வயதோ ஆன ஷிட்சு, மால்டீஸ், பூடில், பொமரேனியன் என்று சிறிய இன நாய் ஒன்று சிங்கப்பூரில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. இன்னும் சோபாவுக்குப் பின்னால் குளம் கட்டுகிறது. காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் காலில் ஏதோ மிதிபடுகிறது. வீட்டில் ஒருவர் "குட்டியா இருந்தா பழக்கலாம், இது வளர்ந்துபோச்சு, இனி திருந்தாது" என்கிறார். இன்னொருவர் "வேணும்னே பண்ணுது" என்கிறார். இரண்டுமே தவறு. வளர்ந்த நாயைப் பழக்குவது ஒருவகையில் குட்டியைப் பழக்குவதைவிட எளிது, ஏனென்றால் அதனால் சிறுநீரை அடக்கிவைக்க முடியும். பழிவாங்கும் கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரே ஒரு வகை நாய்க்கு மட்டும் கூடுதல் பொறுமை தேவை. இனப்பெருக்கப் பண்ணையில் பல ஆண்டு வைத்திருந்து பிறகு தத்துக்கு விடப்படும் நாய்கள் அவை. கம்பிக் கூண்டிலேயே வாழ்ந்ததால் படுத்த இடத்திலேயே போய்ப் பழகியிருக்கும். "நாய் தன் படுக்கையை அசுத்தம் செய்யாது" என்று எல்லாரும் சொல்லும் விதி அவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே கூண்டில் பூட்டிப் பழக்கும் முறையை அவற்றிடம் முயலாதீர்கள். மற்ற நாய்களுக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டால், இவற்றுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகலாம்.

1. முதல் மூன்று நாள் எழுதிவைப்பது மட்டும்தான் வேலை

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். நான்கு கட்டம் போதும்: நேரம், இடம், சிறுநீரா மலமா, அதற்குச் சற்று முன் நாய் என்ன செய்துகொண்டிருந்தது. வீட்டில் யார் பார்த்தாலும் எழுத வேண்டும், பணிப்பெண் உட்பட. பகலில் அதிக நேரம் நாயுடன் இருப்பவர் அவர்தான் என்றால் இந்தத் திட்டத்தின் முதல் ஆள் அவர்தான். அவருக்குப் புரியாமல் எதுவும் நடக்காது.

மூன்று நாளில் தாளே பேச ஆரம்பிக்கும்.

பெரிய குளமாக, ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை, வீட்டின் பல இடங்களில் என்றால் அது பழக்கமின்மை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்குத்தான்.

ஒரு தேக்கரண்டி அளவு மட்டும், செங்குத்தான எதன் மீதாவது, அதாவது நாற்காலிக் கால், சுவர் மூலை, வாசல் செருப்பு அலமாரி என்றால் அது தன் இடம் என்று அடையாளமிடுவது. ஆண்நாய்தான் அதிகம் செய்யும், பெண்நாயும் செய்வதுண்டு. எட்டாவது பகுதியைப் பாருங்கள்.

நீங்கள் வேலையிலிருந்து வந்து குனிந்து கொஞ்சும்போது நின்ற இடத்திலேயே சொட்டினால், அது பயமோ அளவுக்கு மீறிய உற்சாகமோ. இதைப் பழக்கிச் சரிசெய்ய முடியாது, தவிர்க்கத்தான் முடியும். உள்ளே வந்ததும் ஐந்து நிமிடம் நாயைக் கண்டுகொள்ளாதீர்கள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டாமல், மார்பைத் தடவிக்கொடுங்கள். திட்டினால் இது இரண்டு மடங்காகும்.

ஆளில்லாதபோது மட்டும், அதுவும் நீங்கள் கதவைச் சாத்திய அரை மணிக்குள், குரைப்பும் எச்சில் வழிதலுமாக நடந்தால் அது தனிமைப் பதற்றம். பழைய கைப்பேசி ஒன்றைப் படம்பிடிக்க வைத்துவிட்டுப் போய் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு வேறு பயிற்சி. கழிவறைப் பயிற்சியால் தீராது.

தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருக்கிறது, நாய்க்கே அது தெரியவில்லை என்றால் சிறுநீர்க் கசிவு. கருத்தடை செய்த பெண்நாய்களிடம் அடிக்கடி காணப்படும். மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

தண்ணீரையும் அளந்துவிடுங்கள். காலையில் ஒரு போத்தலில் அளந்து வைத்து, அதிலிருந்து மட்டும் கிண்ணத்தை நிரப்பி, இரவில் மிச்சத்தைப் பார்த்தால் போதும். உலர்தீவனம் சாப்பிடும் ஐந்து கிலோ நாய் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிலிட்டர்வரை குடிப்பது வழக்கம். 500ஐத் தாண்டினால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் (ஒரு சுரப்பிக் கோளாறு) போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்து வைப்பது பலர் செய்யும் தவறு. இந்த ஊர் வெயிலில் அது ஆபத்து. சிறுநீர்க் கல்லடைப்பு இருந்தால் இன்னும் மோசமாகும்.

2. கால்நடை மருத்துவர்: எதை எடுத்துப்போவது

பழக்கமின்மை என்றே தாள் சொன்னாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சிறுநீர்த் தொற்று இருக்கும் நாயை எட்டு வாரம் பழக்கிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே பழகியிருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால் மருத்துவர்தான் முதல் படி, மீதியெல்லாம் பிறகு.

கையில் இருக்க வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகம், நுண்சில்லு (தோலுக்கடியில் பொருத்திய அடையாளச் சில்லு) எண், தத்துக் கொடுத்தவர்கள் தந்த மருத்துவக் குறிப்பு, கருத்தடைச் சான்று, நீங்கள் மூன்று நாள் எழுதிய தாள், நாய் போகும் விதத்தைக் காட்டும் ஒரு காணொளி. காணொளியை அசட்டை செய்யாதீர்கள். முக்குகிறதா, காலைத் தூக்குகிறதா, நடந்துகொண்டே சொட்டுகிறதா என்று சொல்லிப் புரியவைக்க முடியாததை இருபது நொடிக் காட்சி சொல்லிவிடும்.

சிறுநீர் பிடிப்பதற்குச் சமையலறையில் இருக்கும் நீளப்பிடிக் குழம்புக் கரண்டி போல வசதியான கருவி வேறு இல்லை. (பிறகு அதைச் சமையலுக்குத் திருப்பிவிடாதீர்கள், இதற்கென்று ஒரு பழைய கரண்டியை ஒதுக்குங்கள்.) சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரால் அலசிக் காயவையுங்கள். காலையில் நாய் முதல்முறை உட்காரும்போது பின்னாலிருந்து அசையாமல் நில்லுங்கள். சிறுநீர் வர ஆரம்பித்த ஒரு நொடி கழித்துக் கரண்டியை அடியில் நீட்டினால் போதும். முன்கூட்டியே நீட்டினால் எழுந்து ஓடிவிடும். இரண்டு மேசைக்கரண்டி கிடைத்தாலே தாராளம். மூடியுள்ள சுத்தமான குப்பியில் ஊற்றி ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். விரிப்பிலிருந்து பிழிந்து எடுத்தது உதவாது.

மருத்துவருக்கான கட்டணம் கிட்டத்தட்ட 40 முதல் 70 வெள்ளி, சிறுநீர்ப் பரிசோதனைக்கு இன்னொரு 40 முதல் 80 வெள்ளி என்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கல் இருக்குமோ என்று ஊடுகதிர்ப் படமோ (எக்ஸ்ரே) ஸ்கேனோ எடுக்கச் சொன்னால் செலவு சில நூறு வெள்ளிக்குப் போகும். எதற்கு எவ்வளவு என்று தொலைபேசியில் முன்பே கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஆண்நாய் மீண்டும் மீண்டும் முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தால் அது உயிருக்கு ஆபத்தாகும். இரவு பன்னிரண்டு மணியானாலும் அவசர மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதற்குள் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் உரிமம் கட்டாயம். தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இருக்கும் விலங்குநல மருத்துவச் சேவைதான் அதைத் தருகிறது, இணையத்திலேயே முடித்துவிடலாம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. தத்தெடுத்த நாயின் உரிமம் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடப்பது அடிக்கடி நடக்கும் பிசகு. நாய் தொலைந்தால் அழைப்பு அவருக்குத்தான் போகும். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனப் பட்டியலில் உள்ள ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற பொது விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாடை பற்றிப் பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கும் நாளில் தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பது நல்லது.

3. பழைய வாடையை எடுக்காமல் எதையும் தொடங்காதீர்கள்

உங்கள் மூக்குக்கு வாடை போய்விட்டது என்பது ஒரு கணக்கே இல்லை. நாயின் மூக்குக்கு அந்த மூலை இன்னும் கழிவறைதான்.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். குளம் கண்டதும் டெட்டால் ஊற்றித் துடைப்பது, அல்லது எலுமிச்சைப்புல் வாசத் தரைக்கழுவி போட்டு வீடு முழுக்க மெழுகுவது. இரண்டும் வாசத்தின்மேல் வாசத்தைப் பூசும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தவறு, அதே துடைப்பத்தை அதே வாளியில் முக்கிக் கூடம், நடை, அறை என்று இழுத்துக்கொண்டு போவது. நாயின் சிறுநீரை நீர்க்கவைத்து வீடு முழுக்க நீங்களே தெளித்துவிட்டீர்கள். நாய்க்கென்று தனித் துணி, தனி வாளி வையுங்கள்.

சரியான முறை இது. சமையலறைத் தாளை மடித்து வைத்துக் காலால் அழுத்தி ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். தாள் உலர்ந்து வரும்வரை ஒற்றியபின் சிறிது குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு நொதி (என்சைம்) கலந்த செல்லப்பிராணிக் கழுவியை, சிறுநீர் பரவிய இடத்தைவிட ஒரு சாண் கூடுதலாக நனையும்படி ஊற்றுங்கள். போத்தலில் போட்டிருக்கும் நேரம்வரை, குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம், ஈரமாக விடுங்கள். துடைத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். நொதி வேலை செய்ய நேரமும் ஈரமும் வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் தண்ணீரில் துடைத்ததற்குச் சமம். முன்பே கிருமிநாசினி போட்ட இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இல்லையென்றால் அது நொதியைக் கெடுத்துவிடும்.

ஓடுகளுக்கு இடையில் இருக்கும் சிமெண்ட் கோடுதான் வாடை ஒளிந்திருக்கும் இடம். நொதிக்கழுவியை ஊற்றி, மேலே சமையலறை நெகிழித் தாளைப் போட்டு மூடி, இரண்டு மூன்று மணி நேரம் காயாமல் வைத்தால் உள்ளே இறங்கும். வினைல் பலகைத் தரையென்றால் இணைப்புகளில் இறங்கியது அடியில் தங்கிவிடும். அங்கே ஒற்றுவதில் வேகம் முக்கியம். காடி (வினிகர்) கலந்த தண்ணீர் சாதாரண ஓட்டுக்குப் பரவாயில்லை, பளிங்குத் தரைக்கு வேண்டாம், மெருகு போய்விடும். சிறுநீரின்மேல் குளோரின் பிளீச் ஊற்றுவது யாருக்கும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சடைக்கும் வாயு கிளம்பும். கதவு சாத்திய வீவக குளியலறையில் அது விளையாட்டல்ல.

பழைய இடங்களைக் கண்டுபிடிக்கப் புற ஊதாக் கைவிளக்கு ஒன்று வாங்குங்கள். பத்து இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே மெதுவாக அடித்துப் பாருங்கள். மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோபாவின் பின்புறம், திரைச்சீலையின் விளிம்பு, தொலைக்காட்சி அலமாரியின் காலடி, பூஜை மாடத்துக்குக் கீழே என்று நீங்கள் நினைத்தே பார்க்காத இடங்களில் தெரிந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். ஒட்டுநாடாவால் குறியிட்டுவிட்டு மறுநாள் ஒவ்வொன்றாக முடியுங்கள்.

4. கழிவறை எது, எங்கே

மூன்று தேர்வுகள்: குளியலறைத் தரை, சிறுநீர் விரிப்பு, கம்பிவலை போட்ட தட்டு. வெளியே மட்டும் போகப் பழக்குவது இந்த ஊரில் ஆபத்தான பந்தயம். நவம்பர் முதல் ஜனவரி வரை விடாத மழை, ஆண்டின் நடுவில் புகைமூட்டக் காலம், மதியத்தில் கால் சுடும் நடைபாதை. வெளியே போனால்தான் போவேன் என்று பழகிய நாய் இந்த நாள்களில் பன்னிரண்டு மணி நேரம் அடக்கிவைத்து நோய் தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் ஒரு கழிவறை கட்டாயம் இருக்கட்டும். வெளியே போவது கூடுதல்.

குளியலறை என்றால் கழுவுவது எளிது, விரிப்புச் செலவு இல்லை. ஆனால் மூன்று சிக்கல். வாசற்படி மேடு சிவாவா போன்ற மிகச் சிறிய இன நாய்க்கு ஒரு மதில். தரை எப்போதும் ஈரம். ஈரத்தை வெறுக்கும் நாய்கள் பல. எல்லாவற்றையும்விட, குளித்துவிட்டு வெளியே வருபவர் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்திவிடுவார். கழிவறைக் கதவு மூடியிருந்தால் நாய் என்ன செய்யும்? அதற்கு வெளியே உள்ள மிதியடியில் போகும். கதவுக்குக் கீழே ஒரு தடுப்பை நிரந்தரமாகச் செருகிவையுங்கள்.

சிறிய நாய்க்கு விரிப்பில் தொடங்குவதுதான் நடைமுறைக்கு உகந்தது. 33க்கு 45 சென்டிமீட்டர் அளவை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். முன்னங்கால் இரண்டும் விரிப்பில் இருந்தால் நாய் தன் கடமை முடிந்தது என்று நினைக்கும். பின்பாகம் வெளியே நிற்கும், எல்லாம் தரையில். நாய் நான்கு காலோடும் ஏறி ஒரு சுற்றுச் சுற்ற இடம் வேண்டும். 60க்கு 90 வாங்குங்கள், அல்லது 45க்கு 60 இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரம் ஒட்டுங்கள். பழகியபின் சிறிதாக்கலாம்.

இடம்: நாயின் படுக்கை, சாப்பாட்டுக் கிண்ணம் இரண்டிலிருந்தும் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த, சுவரை ஒட்டிய மூலை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் நாய் உட்காரும் நேரம் பார்த்துச் சலவை இயந்திரம் அதிர ஆரம்பித்தால் மறுபடி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. இடத்தை முடிவுசெய்தபின் எட்டு வாரம் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு சாண்.

இன்னொரு பொறி: விரிப்பு மெத்தென்று இருக்கிறது. மெத்தென்று இருப்பதெல்லாம் விரிப்பு என்று நாய் பொதுமைப்படுத்திக்கொள்ளும். மிதியடி, யோகாப் பாய், தரையில் மடித்து வைத்த போர்வை, பூஜைக்கு உட்காரும் விரிப்பு எல்லாவற்றையும் ஆறு வாரத்துக்குச் சுருட்டி மேலே வையுங்கள். இதை மட்டும் செய்து பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

விரிப்பை மாற்றும்போது பழையதிலிருந்து உள்ளங்கை அளவு வெட்டிப் புதியதன் அடியில் வையுங்கள், வாடையே முகவரி. மலத்தை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். அழுக்கு விரிப்பில் ஏற மறுக்கும் நாய்களும் உண்டு. நாள் முழுக்க ஒரே விரிப்பை விட்டுவிட்டு நாயைக் குறைசொல்லக் கூடாது.

5. அடைப்பு

விளையாட்டு அடைப்பு என்று மடக்குக் கம்பித் தடுப்பாக விற்பதை வாங்குங்கள். 40 முதல் 90 வெள்ளி ஆகும். ஏறக்குறைய 1.2 மீட்டர் சதுரமாக அமைத்து, ஒரு கோடியில் படுக்கை, எதிர்க்கோடியில் விரிப்பு, படுக்கைப் பக்கம் தண்ணீர். நீங்கள் கண்ணால் பார்க்க முடியாத நேரமெல்லாம் நாய் இதற்குள்தான். பார்க்க முடிகிற நேரத்தில் வெளியே, ஆனால் ஒன்றரை மீட்டர்க் கயிற்றால் உங்கள் இடுப்போடு கட்டியபடி. கொடுமை போலத் தோன்றும். ஆனால் இந்த நான்கு வாரத்தில் நாய்க்குத் தவறான இடத்தில் போக வாய்ப்பே கிடைக்கக் கூடாது. ஒவ்வொரு தவறும் அந்த இடத்துக்கு விழும் ஓர் ஓட்டு.

பண்ணை நாய்க்கு மட்டும் முறை வேறு. அடைப்பின் தரை முழுவதும் விரிப்பு போடுங்கள். எங்கே போனாலும் சரியான இடம். ஐந்தாறு நாளில் அது ஒரு பக்கத்தையே விரும்புவது தெரியும். மறுபக்க விரிப்பை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் அங்கே படுக்கையைப் போடுங்கள்.

நாய் முதல் நாள் குரைத்தால், அடைப்பிலேயே சாப்பாடு கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஏற்றுங்கள். முதல் நாளே பூட்டிவிட்டு எட்டு மணி நேர வேலைக்குப் போவது வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை தொடங்குவது நல்லது.

6. நேரமும் சன்மானமும்

சாப்பாட்டை நாள் முழுக்கக் கிண்ணத்தில் விடாதீர்கள். காலை ஏழு, மாலை ஏழு என்று இரண்டு வேளை. இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரம் ஒழுங்கானால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும். குழம்புச் சோறு, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம். வயிறு கழியும் நாயால் விரிப்புவரை ஓட முடியாது. வெங்காயம் அதற்கு நஞ்சு என்பது தனிச் செய்தி.

விரிப்புக்கு அழைத்துப்போக வேண்டிய நேரங்கள்: தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், இரவு படுக்கும் முன். இவற்றுக்கு இடையே முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த வாரம் மூன்று மணிக்கு ஒருமுறை. கயிற்றோடு அழைத்துப்போய், விரிப்பின் பக்கத்தில் அசையாமல், பேசாமல், ஐந்து நிமிடம் நில்லுங்கள். போகவில்லையா, அடைப்புக்குள் விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி. தரையை முகர்ந்தபடி வட்டமிடுவது, விளையாட்டை விட்டுத் திடீரென்று வேறு அறைக்குப் போவது இரண்டும் அறிகுறி.

ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் ஒரே சொல். பாட்டி "மூச்சா" என்று, பணிப்பெண் வேறொன்று, பிள்ளைகள் இன்னொன்று சொன்னால் நாய் எதையும் கற்காது. இங்கே பல வீடுகளில் "ஷீ ஷீ" என்பார்கள். தமிழ் வீட்டுக்கு அது சரிப்படாது: திட்டும்போது நாம் சொல்வதும் "சீ சீ"தான். "மூச்சா போ" என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். நாய் போகத் தொடங்கும் அந்தக் கணத்தில் மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள். போகும் முன் பத்து முறை மந்திரம்போல் ஓதினால் அது வெறும் சத்தம்.

முடித்ததும் ஓரிரு நொடிக்குள் வாயில் சன்மானம் விழ வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி மார்பு, கொண்டைக்கடலையில் பாதி அளவு. குளிர்பதனப் பெட்டிவரை நடந்து போய் எடுத்துவந்தால் நேரம் கடந்துவிடும். நாய்க்குத் தெரியும் காரணம் "சமையலறைக்கு ஓடினேன், கோழி கிடைத்தது" என்பதுதான். காலையில் இருபது துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, விரிப்புக்கு மேலே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பாராட்டும் மெதுவாக இருக்கட்டும். பாதியிலேயே கைதட்டிக் கூத்தாடினால் நாய் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும், மிச்சம் கூடத்தில்.

சன்மானத்தைச் சீக்கிரம் நிறுத்திவிடுவது பொதுவான தவறு. ஆறு வாரம் ஒவ்வொரு முறையும். பிறகு இரண்டு முறைக்கு ஒன்று, மூன்று முறைக்கு ஒன்று.

7. தவறிப் போகும்போது

கண்முன் நடந்தால் "ஏய்" என்று ஒரு சின்னச் சத்தம், தூக்கி விரிப்பில் விடுங்கள், அங்கே மிச்சம் வந்தால் சன்மானம். நடந்து முடிந்துவிட்டதென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. துடையுங்கள், தாளில் எழுதுங்கள்.

மூக்கைத் தேய்ப்பது, செய்தித்தாளால் அடிப்பது எல்லாம் நாய்க்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே: மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் அது கட்டிலுக்கு அடியிலும் சோபாவுக்குப் பின்னாலும் போகும். நீங்கள் பக்கத்தில் நின்றால் விரிப்பிலும் போகாது. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, தலையைத் தொங்கப்போடுது" என்பார்கள். அது உங்கள் குரலுக்குப் பயந்த முகம்.

8. அடையாளமிடும் ஆண்நாய்

கருத்தடை செய்யாததென்றால் முதலில் அதைப் பேசுங்கள். பல நாய்களிடம் குறையும். எல்லாவற்றிலும் முற்றாக நிற்கும் என்று சொல்ல முடியாது, பல ஆண்டுப் பழக்கமானால் இன்னும் கடினம். அறுவைக்குப்பின் சில வாரம் பொறுக்க வேண்டும்.

காலைத் தூக்கும் நாய்க்குத் தட்டையான விரிப்பு எதற்கு? ஒன்றரை லிட்டர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அதைச் சுற்றி ஒரு விரிப்பைக் கட்டி, பெரிய விரிப்பின் நடுவில் நிறுத்துங்கள். கம்பம் கிடைத்த திருப்தி. பின்சுவரிலும் ஒரு விரிப்பை ஒட்டிவிடுங்கள்.

வயிற்றுப் பட்டை என்று விற்கிறார்கள். துணியும் உறிஞ்சுத்துண்டும் கொண்டது. தரையைக் காப்பாற்றும், பயிற்சி தராது. மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இந்தப் புழுக்கத்தில் தோல் வெந்துபோகும். தீபாவளி, பிறந்தநாள் என்று விருந்தினர் வரும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு உதவும். அன்றைக்குச் செருப்புகளையும் கைப்பைகளையும் உயரத்தில் வையுங்கள். புது வாசனை கண்டால் அதன்மேல் தன் கையெழுத்தைப் போடத்தான் பார்க்கும்.

9. வெளியே போகும்போது

காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின். வீட்டு வாசலிலிருந்து புளோக்கை விட்டு வெளியேறும்வரை நாயைக் கையில் தூக்கிச் செல்லுங்கள். மின்தூக்கி, கீழ்த்தளத் தூண்கள், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி எல்லாம் தப்பிக்கும். அரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தல், ஈரத்தாள், பைகள் மூன்று எப்போதும் கையில். மலத்தை எடுக்காமல் போனால் அபராதம் உண்டு. சிறுநீருக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவது அக்கம்பக்கத்து உறவுக்கு.

ஒரே புல்தரைக்குப் போய் ஏழு நிமிடம் நில்லுங்கள், நடக்காதீர்கள். போனதும் சன்மானம்; அதற்குப் பிறகு உலா. போனவுடனே வீட்டுக்குத் திருப்பினால் "போனால் உலா முடிந்தது" என்று கற்றுக்கொண்டு அடக்கிவைக்கும். பிறகு வீட்டு வாசலைத் தாண்டியதும் கூடத்தில் திறந்துவிடும். ஒரு மணி நேரம் நடத்தியும் போகவில்லை, உள்ளே வந்ததும் போனது என்று சலித்துக்கொள்பவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். வெளியே போகாமல் திரும்பினால் நேராக அடைப்புக்குள், விரிப்பின் முன்.

10. இடத்தை விரிப்பது, செலவு

தொடர்ந்து 14 நாள் தவறில்லை என்றால் அடைப்பைத் திறந்து அது இருக்கும் அறை முழுவதையும் கொடுங்கள். இன்னொரு 14 நாள் தவறில்லை என்றால் அடுத்த அறை. "மூணு நாளா ஒழுங்கா இருக்கு" என்று நான்காம் நாள் வீடு முழுக்கத் திறந்துவிடுவதுதான் பாதிப் பேர் தோற்கும் இடம். புது அறைக்குள் முதல் வாரம் அங்கேயே சாப்பாட்டையும் விளையாட்டையும் வையுங்கள். அது வாழும் இடம் என்று பதியும். இரண்டு அறை தள்ளி விரிப்பு இருந்தால் சிறிய நாய்க்கு அது தூரம். நான்கு ஐந்து அறை வீட்டில் கடைசிவரை இரண்டு விரிப்பு இருந்தாலும் குற்றமில்லை. பத்து வயதைத் தாண்டிய நாய்க்குக் கட்டாயம் இரண்டு, இரவில் வழியில் ஒரு சின்ன விளக்கு.

செலவு: அடைப்பு 40 முதல் 90 வெள்ளி. நொதிக்கழுவி ஒரு லிட்டர் 15 முதல் 30 வெள்ளி, முதல் மாதம் இரண்டு போத்தல் தீரும். விரிப்பு நாளொன்றுக்கு நான்கு என்றால் ஐம்பது உள்ள கட்டு பன்னிரண்டு நாள் வரும். கட்டு 12 முதல் 20 வெள்ளி. மருத்துவரைச் சேர்த்து முதல் இரண்டு மாதத்துக்கு 250 முதல் 400 வெள்ளி ஒதுக்கினால் பெரும்பாலும் அடங்கும். பயிற்சியாளர் வீட்டுக்கு வர ஒரு அமர்வுக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகலாம். எட்டு வாரம் தாளோடு முயன்ற பிறகு கூப்பிடுங்கள், தாளையும் காட்டுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டையோடு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

வீடு மாறினால், புதுப் பணிப்பெண் வந்தால், குழந்தை பிறந்தால், நாயை விடுதியில் ஒரு வாரம் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால் மறுபடி ஓரிரு தவறு நடக்கும். முதல் தவறு நடந்த அன்றே அடைப்பை விரித்து மூன்று நாள் பழைய அட்டவணைக்குத் திரும்புங்கள். அதனால் கம்பித் தடுப்பை இலவசமாக யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மடித்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவையுங்கள்.